ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியை வைத்துப் புதுத் தொட்டியை சைக்கிள் செய்வது: எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது?

தாம்பரம்_தொட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் 3 அடி தொட்டி ஒன்று (3 x 1½ x 1½) நன்றாக செட் ஆகி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏஞ்சல் ஆறு, கார்டினல் டெட்ரா ஒரு கூட்டம், கீழே கோரி மீன்கள். கேனிஸ்டர் (வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) ஒன்று, மூலையில் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. அமோனியா, நைட்ரைட் எப்போது டெஸ்ட் போட்டாலும் பூஜ்ஜியம்தான்.

பக்கத்திலேயே 2 அடி தொட்டி (2 x 1 x 1) கப்பிக்காக வைக்கிறேன். பின்னால் செர்ரி இறாலும் விட ஆசை. பழைய தொட்டி கையில் இருக்கும்போது, சைக்கிள் முடிய, அதாவது மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வளர, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் வழி மட்டும் ஆளுக்கொன்றாக இருக்கிறது. கடைக்காரர் பழைய தண்ணீரைப் பாதி ஊற்றினால் போதும் என்கிறார். நண்பர் ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டியில் பிழியச் சொல்கிறார். இன்னொருவர் கேனிஸ்டர் செராமிக் ரிங்கை எடுத்துப் போடச் சொல்கிறார். எது சரி? எவ்வளவு எடுத்தால் பழைய தொட்டிக்குப் பாதிப்பு வராது? எங்கள் வீட்டில் போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு.

கொளத்தூர்_குளம் எழுதியது:

தம்பி, ரிங் சொன்னவர் சொன்னதுதான் சரி. ஆனா உங்ககிட்ட அதைவிட சுலபமான வழி இருக்கு, அந்த மூலை ஸ்பாஞ்ச்.

எங்க பக்கம் வரிசையா தொட்டி வெச்சு குஞ்சு எடுக்கறவங்க செய்யறது இதுதான். நல்லா ஓடற தொட்டி ஒவ்வொண்ணுலயும் தேவைக்கு மேல ஒரு ஸ்பாஞ்ச் எப்பவும் ஓடிட்டே இருக்கும். புதுசா ஒரு தொட்டி நிரப்பினா அதைத் தூக்கி அங்க போடுவோம், காலியான இடத்துல புது ஸ்பாஞ்ச் போயிடும்.

அவசரம் இல்லன்னா ஏர் பம்ப் ட்யூப்ல ஒரு டி கனெக்டர் போட்டு, புது ஸ்பாஞ்சைப் பழைய தொட்டியிலயே நாலஞ்சு வாரம் ஓட விடுங்க. அவசரம்னா பழைய ஸ்பாஞ்ச் புதுத் தொட்டிக்குப் போகட்டும், புது ஸ்பாஞ்ச் பழைய தொட்டியில உட்காரட்டும். கேனிஸ்டர் இருக்கறதால அது தாங்கிக்கும். ஒரு வாரம் அங்க தீனியைப் பாதியா குறைங்க, டெஸ்ட் போட்டுட்டே இருங்க. கேனிஸ்டரை அந்த சமயத்துல கழுவிடாதீங்க.

மதுரை_மோலி எழுதியது:

நான் எப்பவும் பழைய தண்ணிதான் ஊத்துறேன். அன்னைக்கே மீன் விட்டுருவேன். இதுவரைக்கும் ஒரு மீன்கூட சாகல. இவ்வளவு சிரமம் எதுக்குன்னு தெரியல.

நுண்ணுயிர்_நிலா எழுதியது:

மதுரை_மோலி, உங்கள் அனுபவத்தை நம்புகிறேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். தண்ணீரோடு வேறு எதையாவது மாற்றுவீர்களா? முதல் நாள் எத்தனை மீன் விடுவீர்கள்?

மதுரை_மோலி எழுதியது:

தண்ணி, அப்புறம் பழைய தொட்டி கல்லு ஒரு மக் அள்ளிப் போடுவேன், அழகுக்கு ஒரு கட்டையும் அதுலருந்தே எடுத்து வைப்பேன். மீன் முதல்ல மூணு நாலுதான்.

நுண்ணுயிர்_நிலா எழுதியது:

அப்படியென்றால் உங்கள் தொட்டியைக் காப்பாற்றியது அந்தக் கல்லும் கட்டையும்தான். கூடவே நீங்கள் குறைவாக மீன் விட்டதும்.

அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்ச், ரிங், கல், கட்டை, இலை, கண்ணாடி என்று எது கிடைத்தாலும் அதன்மேல் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. நீரோட்டமும் ஆக்சிஜனும் எங்கே அதிகமோ அங்கே அடர்த்தியும் அதிகம். அதனால்தான் ஃபில்டர் முக்கியமாகிறது. பழைய தண்ணீரை ஊற்றினால் வருவது பெரும்பாலும் நைட்ரேட்டும் கரைந்த கழிவும். பி.எச்., உப்பு அளவு பழகியதாக இருக்கும் என்பதால் மீனுக்கு அதிர்ச்சி குறையலாம், அந்த ஒரு நன்மைதான். ஒரே வீட்டில் ஒரே போர் தண்ணீர் என்றால் அதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

இந்த நுண்ணுயிர்கள் பற்றிப் பழைய புத்தகங்களில் இருப்பது முழுமையாக இல்லை. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்றுதான் பல காலம் எழுதினார்கள். ஆய்வாளர்கள் ஹோவனெக்கும் டிலாங்கும் 1996லும் 1998லும் வெளியிட்ட ஆய்வுகள், நன்னீர் மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டின. 2011இல் கனடாவில் இருந்து வந்த ஆய்வு, நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் அமோனியாவை மாற்றுபவற்றில் பாக்டீரியாவைவிட ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர்தான் மிகுதி என்றது. 2015இல் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தானே செய்யும் நைட்ரோஸ்பைரா கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஒரு குழு அதைப் பிடித்தது மீன் வளர்ப்பு ஃபில்டர் ஒன்றிலிருந்துதான்.

வளர்க்கிறவருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. உங்கள் பழைய தொட்டியில் அமோனியா எப்போதும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அந்தக் குறைந்த அளவிலேயே வாழப் பழகிய கூட்டம்தான் அந்த ஸ்பாஞ்சில் இருக்கிறது. அதைப் புதுத் தொட்டிக்குக் கொண்டுபோய், இணையத்தில் சொல்கிறார்களே என்று 4, 5 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) அமோனியா கொட்டுவது அதற்குச் செய்யும் கெடுதல். 1 முதல் 2 பி.பி.எம். போதும்.

தாம்பரம்_தொட்டி எழுதியது:

மேடம், தெளிவான விளக்கம், நன்றி. ஸ்பாஞ்சைப் பிழிந்து விடுவது பற்றி? அந்த அழுக்கில்தானே பாக்டீரியா இருக்கிறது என்று நண்பர் சொல்கிறார்.

கொளத்தூர்_குளம் எழுதியது:

பிழிஞ்சா வர்ற சேத்துலயும் கொஞ்சம் இருக்கும் தம்பி. ஆனா அதுல பாதிக்கு மேல தீனிக் கழிவும் மீன் எச்சமும். புதுத் தொட்டியில போய் அழுகி அதுவே அமோனியா ஆகும். ஒட்டிட்டிருக்கறதைப் பிச்சு எடுத்து, அது திரும்ப ஒட்டறதுக்குக் காத்திருக்கறதுக்கு, ஒட்டின இடத்தோட தூக்கிட்டுப் போறது நல்லது. ஸ்பாஞ்சைத் தரவே முடியாது, ஒரே ஒரு ஃபில்டர்தான் இருக்குன்னா மட்டும் பிழியுங்க. அப்பவும் புது ஃபில்டர் இழுக்கற இடத்துக்குப் பக்கத்துல பிழியணும்.

இறால்_வீடு எழுதியது:

ஒரு நிமிஷம். இறால் விடப்போறேன்னு சொல்லியிருக்கீங்க. அந்த 3 அடி தொட்டியில எப்பவாவது மருந்து போட்டிருக்கீங்களா? காப்பர் கலந்த மருந்து போட்டிருந்தா, அது கல்லுலயும் ஃபில்டர் மீடியாலயும் தங்கும். மீனுக்கு ஒண்ணும் தெரியாது. இறால் தாங்காது. நத்தைக்கும் அப்படித்தான்.

அடுத்தது, ஸ்பாஞ்சோட நல்லது மட்டும் வராது. குட்டி நத்தை, ஹைட்ரா, பிளானேரியாங்கற தட்டைப் புழு எல்லாம் கூடவே வரும். மீன் இருக்கற தொட்டியில இதுங்க கண்ணுக்கே தெரியாது, மீன் தின்னுடும். இறால் தொட்டிக்குப் போனா பெருகும். பிளானேரியா இறால் குஞ்சை விடாது.

தாம்பரம்_தொட்டி எழுதியது:

மருந்து எதுவும் போட்டதில்லை, அக்கா. ஒருமுறை வெள்ளைப் புள்ளி வந்தபோது கல்லுப்பும் ஹீட்டரும் வைத்தே சரி செய்தோம். குட்டி நத்தை இருக்கிறது.

இறால்_வீடு எழுதியது:

அப்போ தைரியமா எடுங்க. நத்தை இருந்துட்டுப் போகட்டும், தீனி மிஞ்சாம பார்த்துக்கிட்டா அளவோட இருக்கும்.

வேளச்சேரி_பெட்டா எழுதியது:

எனக்கும் இதே சந்தேகம், ஆனால் வீட்டில் பழைய தொட்டி இல்லை. நான் வழக்கமாக மீன் வாங்கும் கடையில் கேட்டால் அவர்கள் தொட்டி ஸ்பாஞ்சைத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

இறால்_வீடு எழுதியது:

வேண்டாம். இதுல என் கருத்து கறாரானது. கடைத் தொட்டியில வாரா வாரம் எங்கெங்கிருந்தோ மீன் வந்து இறங்குது. பாதிக்கு மேல ஏதோ ஒரு மருந்துத் தண்ணியிலதான் நிக்குது. பல கடைகள்ல எல்லா வரிசைத் தொட்டிக்கும் ஒரே தண்ணி சுத்தி வரும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படி ஒரு கடை ஸ்பாஞ்சை வாங்கிப் போட்டார். கொஞ்ச நாள்ல அவரோட கப்பிங்க பின்பக்கம் சிவப்பு நூல் மாதிரி காமலானஸ் புழு தொங்க ஆரம்பிச்சுது. அதை ஒழிக்கறதுக்குள்ள பாதிக் கூட்டம் போயிடுச்சு.

கொளத்தூர்_குளம் எழுதியது:

இதுல முழுசா ஒத்துப்போக மாட்டேன்மா. எல்லாக் கடையும் ஒரே மாதிரி இல்ல. நம்பிக்கையான வளர்ப்பாளர், வெளி மீன் ஏத்தாத குஞ்சுத் தொட்டி, அங்கருந்து வர்ற ஸ்பாஞ்ச் தங்கம். மீனே அந்தத் தொட்டியிலருந்துதான் வாங்கப் போறீங்கன்னா, ஸ்பாஞ்சால புதுசா என்ன நோய் வந்துடப்போகுது? மீனோட வர்றதுதானே.

நுண்ணுயிர்_நிலா எழுதியது:

இருவர் சொல்வதும் பொருந்துகிறது. மீனும் ஸ்பாஞ்சும் ஒரே தொட்டியிலிருந்து வந்தால் ஆபத்து கூடுவதில்லை. வேறு வேறு இடம் என்றால் கூடும்.

வெள்ளைப் புள்ளி நோயைப் பொறுத்தவரை ஒரு பாதுகாப்பு வழி உண்டு. அந்த ஒட்டுண்ணி மீன் உடலை விட்டு விழுந்து, கல்லிலோ ஸ்பாஞ்சிலோ ஒட்டிப் பிரிந்து பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும். மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும். நம் ஊர் வெயிலில், 28 டிகிரி தண்ணீரில், இந்தச் சுற்று முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் வெளியிலிருந்து வந்த ஸ்பாஞ்சை மீன் இல்லாத பக்கெட்டில் ஏர் பம்ப்போடு இரண்டு வாரம் ஓட்டலாம். பட்டினி போடாமல் தினமும் கொஞ்சம் அமோனியா கொடுக்க வேண்டும். ஆனால் இந்த வழி நத்தைக்கோ, பிளானேரியாவுக்கோ, மீன் காசநோய்க் கிருமிக்கோ செல்லாது. கடைசியாகச் சொன்னது ஸ்பாஞ்ச் படலத்திலேயே குடியிருக்கும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் நமக்கும் தொற்றும். காயம் இருக்கும் நாளில் கையுறை இல்லாமல் தொட்டியில் கை விடாதீர்கள்.

வேளச்சேரி_பெட்டா எழுதியது:

நன்றி. கொளத்தூரிலேயே ஒரு வளர்ப்பாளரிடம் மீனும் ஸ்பாஞ்சும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறேன். அங்கிருந்து வேளச்சேரிக்கு எப்படிக் கொண்டுவருவது? எங்களுக்கு மெட்ரோ வாட்டர்.

கொளத்தூர்_குளம் எழுதியது:

தண்ணி நிரப்பின கவர்ல ஸ்பாஞ்சை முக்கி இறுக்கிக் கட்டாதீங்க. உள்ள இருக்கற ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துடும். ஈரம் சொட்டற மாதிரி எடுத்து, பெரிய கவர்ல காத்து நிறைய விட்டுக் கட்டுங்க. வண்டியில வெயில் படாம வெச்சா போதும், வீடு வந்து சேரும்.

மெட்ரோ தண்ணின்னா குளோரின்தான் எதிரி. தொட்டி நிரப்பின உடனே ஆன்டி குளோரின் போட்டு, கலக்கி, அதுக்கப்புறம் ஸ்பாஞ்ச் போடுங்க. குழாயைத் திறந்து அதுல ஸ்பாஞ்சைக் கழுவினா தூக்கிட்டு வந்ததே வீண்.

கோவை_சிக்லிட் எழுதியது:

தாம்பரத்துக்காரருக்குப் பிரச்சினை இல்லை, போர் தண்ணீர் உப்பாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் வரம். என்னைப் போல மென்மையான சிறுவாணித் தண்ணீர் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற இந்த நுண்ணுயிர்கள் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்கின்றன. 2 பி.பி.எம். அமோனியா ஒருமுறை போட்டால் கே.எச்., அதாவது அந்தக் காரத்தன்மையின் அளவு, கிட்டத்தட்ட முக்கால் டிகிரி இறங்கும். கடினத் தண்ணீரில் இது தெரியவே தெரியாது. கே.எச். 2 மட்டுமே உள்ள மென்தண்ணீரில் மூன்று முறை போட்டாலே கரைந்துபோய், பி.எச். 6க்கு அருகில் விழுந்து, சைக்கிள் அப்படியே நின்றுவிடும். நல்ல ஸ்பாஞ்ச் போட்டும் அமோனியா இறங்கவில்லை என்று இங்கே எழுதுகிறவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் காரணம், ஸ்பாஞ்ச் சாகவில்லை. 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்பசோடா போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். ஃபில்டரில் ஒரு பை கிளிஞ்சல் போட்டாலும் மெதுவாகப் பிடித்து நிறுத்தும்.

நுண்ணுயிர்_நிலா எழுதியது:

முக்கியமான குறிப்பு, கோவை_சிக்லிட். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.எச். உயர்ந்த தண்ணீரில் அதே அமோனியா அளவு மீனுக்கு அதிக விஷம். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் டெஸ்டில் தெரியும் அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் ஆறு, ஏழு சதவீதம். தாம்பரம், உங்கள் உப்புத் தண்ணீரில் சைக்கிள் நன்றாக ஓடும், ஆனால் மீன் உள்ளே இருக்கும்போது 1 பி.பி.எம். அமோனியாவைக்கூடச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மீன் விடுவதற்கு முன்பே ஸ்பாஞ்சைச் சோதித்துவிடுங்கள்.

அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், ஆய்வக ரசாயனக் கடையில் சுத்தமானதாகக் கிடைக்கும். ஈயம் பூச விற்கும் நவச்சாரத்தில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, தவிர்த்துவிடுங்கள். 1 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். கல், மணல் போக உங்கள் 2 அடி தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் நிற்கும். அந்தக் கரைசலில் 30 மி.லி. ஊற்றினால் கிட்டத்தட்ட 2 பி.பி.எம். 24 மணி நேரம் கழித்து அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்றால் மீன் விடலாம்.

2 பி.பி.எம். எதற்கு என்று கேட்பீர்கள். 40 சதவீதம் புரதம் உள்ள தீனி 1 கிராம் உள்ளே போனால் சுமார் 37 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் வெளியே வரும் என்பது மீன் பண்ணைகளில் போடும் கணக்கு. இருபது கப்பிக்கு நாளுக்குக் கால் கிராம் தீனியே தாராளம். 50 லிட்டரில் அது 0.2 பி.பி.எம். அளவுதான். ஆகவே 2 பி.பி.எம்.மை ஒரே நாளில் தின்னும் ஸ்பாஞ்ச் உங்கள் கப்பிகளுக்குத் தேவையைவிடப் பல மடங்கு பெரியது. பழைய தொட்டியின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கணக்குதான். மீடியாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால், அங்கே போட்ட தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கும் திறன் கைமாறுகிறது. அதனால்தான் மேலே தீனியைக் குறைக்கச் சொன்னார்கள்.

யாழ்_கப்பி எழுதியது:

நல்ல இழை. யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். ஒரு விசயம் சேர்க்க விரும்புறன். கன பேர் நைட்ரேட் காட்டினால் சைக்கிள் முடிஞ்சுது எண்டு நினைக்கினம். எங்கட பக்கம் தோட்டக் காணியளுக்குப் போடுற உரம் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால இறங்கி கிணத்துத் தண்ணியிலயே நைட்ரேட்டாக் கிடக்கு. புதுத் தொட்டியை நிரப்பின அண்டைக்கே டெஸ்ட் குழாய் சிவக்கும். அதை வைச்சு மீன் விட ஏலாது. முதல்ல வெறும் கிணத்துத் தண்ணியைச் சோதிச்சு எழுதி வையுங்கோ, அதுக்கு மேல ஏறினால்தான் கணக்கு.

நுண்ணுயிர்_நிலா எழுதியது:

மிகச் சரி. இன்னொன்று: தண்ணீரில் நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் டெஸ்ட் அதையும் சேர்த்தே காட்டும். நைட்ரைட் பூஜ்ஜியம் ஆகும் வரை நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம்.

தாம்பரம்_தொட்டி எழுதியது:

நிலவரம் சொல்கிறேன். பழைய ஸ்பாஞ்சை அப்படியே புதுத் தொட்டிக்கு மாற்றினேன், கூடவே கேனிஸ்டரில் இருந்து ஒரு கைப்பிடி ரிங்கை வலைப்பையில் கட்டி ஸ்பாஞ்ச் பக்கத்தில் தொங்கவிட்டேன். புது ஸ்பாஞ்ச் பழைய தொட்டியில். நவச்சாரக் கரைசல் 30 மி.லி. ஊற்றினேன். மறுநாள் அமோனியா பூஜ்ஜியம், ஆனால் நைட்ரைட் லேசாக ஊதா காட்டுகிறது, அரை பி.பி.எம். இருக்கும். 3 அடி தொட்டியில் இரண்டும் பூஜ்ஜியம். கப்பி விடலாமா, நிற்கவா?

கொளத்தூர்_குளம் எழுதியது:

நில்லுங்க தம்பி. அரை டோஸ் மறுபடி போடுங்க. நைட்ரைட்டைத் தின்னற ரெண்டாவது கூட்டம் எப்பவும் கொஞ்சம் பின்னாடிதான் வரும், இடம் மாறினதுல அதுக்குத்தான் அசதி ஜாஸ்தி.

தாம்பரம்_தொட்டி எழுதியது:

சொன்னபடி செய்தேன். இப்போது அரை டோஸும், பிறகு முழு டோஸும் ஒரே நாளில் காலியாகி, நைட்ரைட்டும் பூஜ்ஜியம். பாதித் தண்ணீர் மாற்றிவிட்டேன். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கப்பியை மொத்தமாக விடலாமா? எங்கள் பகுதியில் கரண்ட் அடிக்கடி போகும், அதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

கொளத்தூர்_குளம் எழுதியது:

இருபது வரைக்கும் ஒண்ணாவே விடலாம். தீனியை மட்டும் முதல் வாரம் கிள்ளிப் போடுங்க. மீன் வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும்னா தினமும் கால் டோஸ் நவச்சாரம் ஊத்துங்க, ஸ்பாஞ்ச் பட்டினி கிடக்கக் கூடாது. மீன் வந்தப்புறம் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது.

கரண்ட் போனா ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணிக்குள்ளயே இருக்கறதால சில மணி நேரம் தாங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுட்டா கவலையே இல்ல. கவலை உங்க கேனிஸ்டருக்குத்தான். மூடின டப்பா, உள்ள ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் ஆரம்பிச்சுடும். நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல நின்னுபோச்சுன்னா, கரண்ட் வந்த உடனே ஓட விடாம, திறந்து அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணியில அலசிட்டு அப்புறம் ஓட்டுங்க.

இறால்_வீடு எழுதியது:

இறாலுக்கு இன்னும் ரெண்டு மாசமாவது பொறுங்க. அமோனியா பூஜ்ஜியம் ஆனது கப்பிக்குப் போதும். இறால் நாள் முழுக்க மேயறது கல்லு மேலயும் இலை மேலயும் வளர்ற பாசியும் படலமும்தான், அது இன்னும் புதுத் தொட்டியில வளரல. ஜாவா மாஸ் ஒரு கொத்து பழைய தொட்டியில இருந்தா இப்பவே அங்கருந்து எடுத்து இதுல போட்டு வைங்க. கப்பி இறால் குஞ்சைத் தின்னும், மாஸ் அடர்த்தியா இருந்தாதான் மிஞ்சும்.

தாம்பரம்_தொட்டி எழுதியது:

மாஸ் இருக்கிறது அக்கா, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன்.